வல்லாரை அல்சைமரைக் குணமாக்கும் என்று கம்ப்யூட்டர் நிரூபித்துவிட்டதா?

"வல்லாரைச் சத்து அல்சைமரைக் குணமாக்கும், கம்ப்யூட்டர் ஆய்வில் நிரூபணம், இனி மாத்திரை வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இத்தகைய ஆய்வுகளில் நடப்பது டாக்கிங். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் (நினைவாற்றலுக்குத் தேவையான ஒரு வேதிப்பொருளை மூளையில் சிதைப்பது) போன்ற ஒரு நொதியின் முப்பரிமாண வடிவத்தைத் திரையில் வைத்து, அதன் குழிக்குள் எந்த மூலக்கூறு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்று மென்பொருள் மதிப்பெண் போடும். அவ்வளவுதான். அந்தப் பொருள் குடலில் சிதையாமல் மூளைவரை போகுமா, போனாலும் நினைவு திரும்புமா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

வெருபெசெஸ்டாட்டையே பாருங்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் உருவாகக் காரணமான பேஸ்-1 நொதியின் வடிவத்தைக் கொண்டு மெர்க் நிறுவனம் உருவாக்கிய மருந்து. நொதியில் கச்சிதமாகப் பொருந்தியது, மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு அளவைப் பாதிக்கு மேல் குறைத்தது. இவ்வளவும் சரி. ஆனால் நோயாளிகளின் நினைவாற்றலுக்குப் பலனில்லை. 2017, 2018-இல் சோதனைகளை நிறுத்திவிட்டார்கள். ஆரம்பநிலை நோயாளிகள் சிலருக்கு நினைவாற்றல் இன்னும் மோசமானது.

2023-இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்துகூட நோயின் வேகத்தைத்தான் ஓரளவு குறைக்கிறது, குணப்படுத்துவதில்லை.

வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் டோனெபிசில் என்ற அல்சைமர் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.