பி.டி. பீரியட புடுங்காதீங்க சார்

ஒரு பொண்ணு ஃபுட்பால் ஆடுற வீடியோ வந்தா போதும், நம்ம ஆளுங்க உடனே வேலு நாச்சியார் வாரிசுன்னு போட்டு ஷேர் பண்ணிடுறாங்க, கீழ வரிசையா ஃபயர் எமோஜி. நல்லா இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அதே ஆளு வீட்டுல ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருந்தா, அவ ஸ்கூல்ல வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலயே நடக்குதுன்னு கேட்டுப் பாருங்க, தெரியாது. என் கோவமெல்லாம் இந்த ஒரு விஷயத்துலதான். மலையில இருக்குற ஸ்கூல்கள்ல பொண்ணுங்க ஃபுட்பால் டீம் இல்லாம போறதுக்கு வீட்டுல விடல, பொண்ணுங்களுக்கு ஆசை இல்லன்னு சொல்றதெல்லாம் அப்புறம். மொத காரணம் பி.டி. பீரியட்ல புக்கோட உள்ள வர்ற மேத்ஸ் சார்.

சிரிக்காதீங்க, சொல்றேன்.

நான் கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன்ல வளந்தவ. ஸ்கூல் விடுறது நாலே கால். எங்க பக்கம் போற பஸ் நாலே முக்காலுக்கு ஒன்னு, அத விட்டா ஏழு மணிக்குத்தான், அதுவும் மழைக்காலத்துல வந்தா வரும். பசங்க அத விட்டுட்டு ஆடுவானுங்க, ஆடி முடிச்சு தேயிலைக்காட்டு குறுக்கு வழியில கத்திக்கிட்டே நடந்து போயிடுவானுங்க. அந்த வழியில காட்டுமாடு நிக்கும், கரடி வரும். கரடி ஆம்பளை பொம்பளை பாக்குறதில்ல, ஆனா வீட்டுல பாப்பாங்க. எங்க அம்மாவ நான் குத்தம் சொல்ல மாட்டேன், நவம்பர்ல அஞ்சரைக்கெல்லாம் மிஸ்ட் எறங்கிச்சுன்னா பத்தடி தள்ளி நிக்கிறது ஆளா மாடான்னே தெரியாது, எந்த அம்மா விடுவாங்க. சரி காலையில சீக்கிரம் வந்து ஆடலாம்னா, அம்மா கொழுந்து எடுக்க கெளம்புறதுக்கு முன்னாடி தண்ணி புடிச்சு வெக்கணும், அடுப்ப பாக்கணும், டப்பா கட்டணும். அண்ணன் அந்நேரம் கிரவுண்டுல இருப்பான், அது வேற கதை.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. பையனுக்கு காலையில இருக்கு, சாயந்தரம் இருக்கு, ஞாயித்துக்கிழமை எஸ்டேட் கிரவுண்டு இருக்கு, ஊருக்கு ஊர் ஃபைவ்ஸ் (டீமுக்கு அஞ்சு பேர்) டோர்னமெண்ட் இருக்கு, படுகர் ஹட்டிங்க, அதாவது படுகர் ஊருங்க பக்கம் போனா சின்னப் பசங்கள்ல இருந்து கல்யாணம் ஆனவங்க வரைக்கும் டீம் வெச்சிருப்பாங்க, கூடலூர் பக்கம் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) பைத்தியம் கேக்கவே வேணாம். பி.டி. பீரியட் போனா அவனுக்கு போறது ஒரு முக்கா மணி நேரம். பொண்ணுக்கு இருக்குறதே அந்த முக்கா மணி நேரம்தான், அதையும் "போர்ஷன் முடியல"ன்னு எடுத்துக்கிட்டா அவளுக்கு ஃபுட்பாலே இல்ல. யாரும் அவள ஆடக்கூடாதுன்னு சொல்லல பாருங்க. அதனாலதான் யார்கிட்டயும் போய் சண்டை போடவும் முடியல.

எங்களுக்கு நல்ல நேரம், ஒரு பி.டி. சார் வந்தாரு. பேர் போட மாட்டேன், அவருக்கே புடிக்காது. அவரு வர்ற வரைக்கும் பசங்களுக்கு பால், பொண்ணுங்களுக்கு ரிங், ரிங் ஆடாதவங்க மரத்தடியில உக்காந்து ரெக்கார்ட் நோட் எழுதணும். இவரு வந்து ரெண்டு க்ளாஸ் பசங்களையும் பொண்ணுங்களையும் கலந்து டீம் பிரிச்சு விட்டுட்டாரு, யாருக்கும் ஒன்னும் புரியல.

எங்க கிரவுண்டு சரிவு. மேல் பக்க கோல் நோக்கி ஆடுற டீமுக்கு மூச்சு வாங்கும், கீழ் பக்கம் ஆடுறவங்களுக்கு பால் தானா உருண்டு போகும். ஒரு ஓரத்துல வரப்பு, அதுக்கு கீழ தேயிலை. அடிச்சவங்கதான் எடுத்துட்டு வரணும்ங்கிறது ரூல், சுடிதார் பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டி விட்டுட்டு எறங்குவோம், கவாத்து வெட்டுன வயலா இருந்தா குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு நிக்கும், காலெல்லாம் கீறி, மழை பெஞ்ச அன்னிக்கு அந்தக் கீறல்ல சேறு பட்டா எரியும் பாருங்க. அப்புறம் ஷால குறுக்க கட்டிக்கிட்டு ஹெட்டிங் போடுறது ஒரு தனி கலை, அத எந்த கோச்சும் சொல்லித்தரல.

பசங்களோட ஆடுறத பத்தி சொல்லணும், ஏன்னா வெளியில இருந்து பாக்குறவங்க நெனைக்கிறது ஒன்னு, உள்ள நடக்குறது ஒன்னு. கஷ்டம் அவனுங்க வேகமோ பலமோ இல்ல. மொத மாசம் பாஸே வராது. ஃப்ரீயா நின்னு கத்துனாலும் நம்மள தாண்டி இன்னொருத்தனுக்குத்தான் போகும், அவன சுத்தி மூணு பேர் நின்னாலும் சரி. அடுத்தது, நாம பால எடுத்துக்கிட்டு ஒருத்தன தாண்டிட்டோம்னு வைங்க, சுத்தி நிக்கிற பசங்க போடுற சத்தம் இருக்கே, "டேய் பொண்ணுகிட்ட ஏமாந்துட்டான்டா"ன்னு, அதுக்கு பயந்துதான் அடுத்த தடவ அவன் காலுக்கே வருவான். அவனுக்கு என் மேல கோவம் இல்ல, ஃப்ரெண்ட்ஸ் வாய்க்கு பயம். இத நான் எட்டாவதுலயே புரிஞ்சுக்கிட்டேன், புரிஞ்சும் கணுக்கால் வீங்குனது வீங்குனதுதான். ஆனா ஒன்னு, சார் விடாம வாரா வாரம் கலந்தே ஆட வெச்சதுல அந்த கிண்டல் தானா செத்துப் போச்சு, யாரு யார தாண்டினாங்கன்னு கணக்கு வெக்க யாருக்கும் நேரமில்ல, ஜெயிக்கணும் அவ்ளோதான். வாரா வாரம் நடந்ததாலதான் அது நடந்துச்சு.

பத்தாவது வந்தோம், பீரியட் போச்சு. மொதல்ல மேத்ஸ், அப்புறம் சயின்ஸ், அப்புறம் ஸ்லிப் டெஸ்ட். பசங்க சாயந்தரம் ஆடி டச்ச காப்பாத்திக்கிட்டானுங்க. நாங்க ஒன்பது பேர் ஓரளவுக்கு ஆடுறவங்க இருந்தோம், பதினோரு பேர் சேரலன்னு சொல்லி அந்த வருஷம் போட்டிக்கு பொண்ணுங்க டீம் எண்ட்ரியே போடல. பின்னாடிதான் ரூல் புக் படிச்சேன், ஒரு டீமுக்கு 7 பேர் இருந்தாலே மேட்ச் ஆரம்பிக்கலாம், 7க்கு கீழ போனாத்தான் முடியாது. ஒன்பது பேரோட போய் ஆறு கோல் வாங்கிட்டு வந்திருப்போம், வாங்கிட்டுப் போறோம், என்ன இப்போ? அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைங்க ரெண்டு பேர் வந்து சேந்திருப்பாங்க.

இது ஒன்னும் நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. 1920 டிசம்பர் 26, லிவர்பூல் குடிசன் பார்க் கிரவுண்டுல பொண்ணுங்க மேட்ச், ஆடுன டீம் டிக் கெர் லேடீஸ். மொத உலகப்போர் நேரத்துல குண்டு செஞ்ச ஃபேக்டரியில வேலை பாத்த பொண்ணுங்க ஆரம்பிச்ச டீம், குன்னூர் பக்கத்துல இருக்குற நம்ம அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. பாக்க வந்த கூட்டம் 53,000 பேர். அடுத்த வருஷம் 1921 டிசம்பர் 5, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் என்ன பண்ணுச்சு தெரியுமா, இந்த ஆட்டம் பொண்ணுங்களுக்கு ஏத்தது இல்லன்னு சொல்லி, சங்கத்துல இருக்குற எந்த கிளப்பும் பொண்ணுங்களுக்கு கிரவுண்டு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆடாதன்னு சட்டம் போடல, கிரவுண்ட மட்டும் புடுங்கிட்டாங்க. அம்பது வருஷம் போச்சு, 1971லதான் எடுத்தாங்க. எங்க ஸ்கூல் டைம்டேபிள் போட்டவர் இத படிச்சிருக்க வாய்ப்பில்ல, ஆனா ஐடியா அதேதான்.

டிரெஸ் விஷயம் ஒன்னு இருக்கு, பசங்க கேக்க கூச்சப்படுவீங்க, பரவால்ல கேளுங்க. பி.டி. அன்னிக்கு வெள்ளை யூனிஃபார்ம். அந்த மூணு நாள்ல வெள்ளை பேண்ட் போட்டுக்கிட்டு எவ ஸ்லைடு அடிப்பா? வயித்து வலின்னு சொல்லிட்டு ஓரமா உக்காருவோம், "இதுங்களுக்கு ஸ்டாமினா இல்ல"ன்னு பேரு. இங்கிலாந்து நேஷனல் டீம் பொண்ணுங்களே இதத்தான் சொல்லி, 2023ல அவங்க வெள்ளை ஷார்ட்ஸ நீலமா மாத்தினாங்க. ஐரோப்பா சாம்பியனுக்கே அந்தக் கவலை இருந்துச்சுன்னா எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இருக்காதா? ஒரு கறுப்பு டிராக் பேண்ட், தண்ணி வர்ற ஒரு பாத்ரூம், இவ்ளோதான் செலவு.

"ஆடி என்னத்த கிழிக்கப் போறாங்க, மார்க்குதான் சோறு போடும்"னு கமெண்ட் வரும், இப்பவே சொல்லிடுறேன். சீனியர் பெண்கள் தேசிய ஃபுட்பால்ல தமிழ்நாடு ரெண்டு தடவ சாம்பியன், 2018ல மணிப்பூரையே தோக்கடிச்சாங்க, அப்புறம் 2023ல. 2019ல இந்தியப் பெண்கள் லீக்க ஜெயிச்சது நம்ம சேது எஃப்சி. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். கவர்மெண்ட் வேலையில ஸ்போர்ட்ஸ் கோட்டா 3 சதவீதம் இருக்கு. சோறும் போடும்ணா. கடலூர் பக்கம் பொண்ணுங்க வரிசையா வந்தாங்கன்னா அங்க மண்ணுல ஏதோ இருக்குன்னு அர்த்தம் இல்ல, விடாம பிராக்டிஸ் குடுக்க ஆள் இருந்துச்சு. இங்க ஆறாயிரம் அடி ஏத்தத்துல பொறந்ததுல இருந்து நடந்து பழகுன நுரையீரல் சும்மா கெடக்குது.

சொந்தமா பஸ் விடச் சொல்லல, ஸ்டேடியம் கட்டச் சொல்லல. இருக்குற பீரியட இருக்குற இடத்துல விடுங்க. இன்னும் முடிஞ்சா அத கடைசி பீரியடா போடாதீங்க, ஊட்டி கோத்தகிரி குன்னூர்ல மழைக்காலத்துல மத்தியானத்துக்கு மேல மழை புடிச்சா விடாது, காலையில ரெண்டாவது மூணாவது பீரியடா போட்டா பாதி நாளாவது ஆடலாம்.

என் சித்தி பொண்ணு இப்ப அதே ஸ்கூல்ல ஒன்பதாவது. இந்த வருஷம் டைம்டேபிள்ல பி.டி. ரெண்டு இருக்கு, பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து ஒன்னுதான் நடக்குதாம், இன்னொன்னுல இங்கிலீஷ் கிராமர். வர்ற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம், சித்திக்கு வேலை இருக்கு, நான் போறேன். டைம்டேபிள ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன். உங்க பிள்ளைங்க ஸ்கூல்லயும் அன்னிக்கு மீட்டிங் இருந்தா இத கேட்டுட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு கீழ போடுங்க. வேலு நாச்சியார் ஃபோட்டோ போட்ட அண்ணனுங்களும் வரலாம், டீ பிஸ்கட் குடுப்பாங்க.