23 பிள்ளைகள், 5 வகுப்பு, 2 டீச்சர்

மலைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துபோச்சு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல மனசோடு கேட்பவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் எங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி எங்களுடையது. தலைமை ஆசிரியரும் நானும்தான். ஒன்று முதல் மூன்று வரை எனக்கு, நான்கும் ஐந்தும் அவருக்கு. அவர் கூட்டம், பயிற்சி என்று போகிற நாளில் ஐந்து வகுப்பும் எனக்கு. வீட்டில் படுகு பேசுகிற பிள்ளைகள், இருளர் வீட்டுப் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே.

திங்கட்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழுகிற சத்தத்தில் என் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது. சரி, மழையையே அளப்போம் என்று பக்கம் நேராக இருக்கிற இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை முற்றத்தில் வைத்தோம். ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். எதில் தண்ணீர் உயரமாக ஏறும் என்று கேட்டதற்கு, பெரிய டப்பாவில்தான் என்று முக்கால்வாசிப் பேர் அடித்துச் சொன்னார்கள். மதியம் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் 14 மில்லிமீட்டர். ஒரே சத்தம், ஏமாற்று வேலை என்றுகூட ஒருவன் சொன்னான். கடைசியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய டப்பாவுக்கு வாயும் பெருசு, வயிறும் பெருசு டீச்சர்" என்றான். மழைமானி வேலை செய்கிற விதத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கேயும் கேட்டதில்லை.

அப்புறம் விட்டேனா? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் வகுப்பறை 6 மீட்டருக்கு 6 மீட்டர். ஐந்தாம் வகுப்பு 36ஐ 14ஆல் பெருக்கி 504 லிட்டர் என்று சொன்னது. நான்காம் வகுப்பு அதைச் சத்துணவு ஆயாவின் 15 லிட்டர் குடத்தால் வகுத்து 33 குடம், மீதி 9 லிட்டர் என்றது. சின்னவர்கள் குடத்துக்கு ஒரு கற்பூர மரக் காய் வீதம் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார்கள். ஒரே மழை, ஐந்து வகுப்புக்கும் பாடம்.

பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பதைக் குறை என்றே பேசுகிறோம். ஆனால் சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தர 2022இல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பு பார்த்தா பிரித்தது? அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு தெரியும் என்பதைப் பார்த்துத்தானே பிரித்தது. எங்களுக்குக் கூட்டு வகுப்பு ஒரு பாரமே இல்லை. அதை நடத்த ஆள் போதாததுதான் பாரம்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் சத்துணவுக் கூடத்துக் கதவு பிளந்து கிடந்தது. ராத்திரி கரடி வந்திருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டுகளைக் கிழித்து நக்கிவிட்டு, பருப்பைத் தரையெல்லாம் இறைத்துவிட்டுப் போயிருக்கிறது. நம் பக்கத்தில் இது புதுசில்லை. காலை உணவு சமைக்கிற அக்காக்கள் முகம் சுளிக்காமல் அவரவர் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து வராண்டாவில் அடுப்பு வைத்துக் கிச்சடி கிண்டினார்கள். ஒரு பிள்ளையும் வெறும் வயிற்றோடு உட்காரவில்லை, இதை நான் எழுதியே ஆக வேண்டும்.

வனத்துறை ஆட்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு பிள்ளைகளை அழைத்துப் போய்க் கதவைக் காட்டினேன். ஐந்து கோடு, ஒவ்வொன்றும் விரல் ஆழம். சோலை ஓரத்து வீட்டிலிருந்து வருகிற நான்காம் வகுப்புப் பெண், வாயே திறக்காத பிள்ளை, சேற்றில் இருந்த தடத்தைப் பார்த்து அது எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போயிற்று, கூடக் குட்டி ஒன்று இருந்தது என்று எல்லாருக்கும் விளக்கினாள். அன்றைக்கு அவள்தான் டீச்சர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வனச்சரகருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியாக வந்தது, அந்தப் பாடத்தைத் தனியாக நடத்த வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

புதன்கிழமை மழை விடுமுறை.

வியாழக்கிழமை வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளைகள் கற்றதைச் சோதிப்பது. அதற்கான செயலி திறக்க வேண்டும் என்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டும், அங்கேதான் சிக்னல். அதை முடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்த இலைச் சீட்டை, பறித்த தேயிலையை எடை போட்டுக் கொடுக்கிற சீட்டை, எடுத்தோம். பசுந்தேயிலை 19 கிலோ, இலையில் ஒட்டிய ஈரத்துக்காகக் கழிக்கிற ஈரக் கழிவு 2 கிலோ, மீதி 17. கழித்தல் கணக்கு முடிந்தது. ஆனால் ஒரு பெண் விடவில்லை. "ஏன் டீச்சர் ரெண்டு? ஒண்ணு ஏன் இல்ல?" நியாயமான கேள்வி. அரை கிலோ இலையைத் தண்ணீரில் முக்கி, உதறி, சத்துணவுத் தராசில் போட்டால் 560 கிராம். அப்படிப் பார்த்தால் 17 கிலோ இலை நனைந்தால் 19 கிலோவாகும், கழிவு சரிதான். "அப்ப வெயில் நாள்லயும் கழிக்கிறாங்களே?" என்றாள் அடுத்த நொடியே. நான் பதில் சொல்லவில்லை, வீட்டில் வெயில் நாள் சீட்டையும் மழை நாள் சீட்டையும் தனித்தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். எட்டு வயசுப் பிள்ளை தன் அம்மாவின் கூலிக்கணக்கைத் தானே பார்க்கத் தொடங்குவதைவிட ஒரு தொடக்கப்பள்ளி வேறு என்ன சாதிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒரு பாட்டி எழுந்து, "பள்ளிக்கூடத்த மூடிருவாங்களா டீச்சரம்மா?" என்று நேராகக் கேட்டுவிட்டார். நான் எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர். நடந்து போகிற தூரம், ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. சமவெளிக்கு இது பொருந்தும். எங்களுக்கு அடுத்த பள்ளி மூன்று கிலோமீட்டர், நடுவில் சோலை, காட்டெருமை மேய்கிற தேயிலைச் சரிவு, செவ்வாய்க்கிழமை வந்துபோன கரடியின் வழியும் அதுதான். ஆறு வயசுப் பிள்ளையை அந்த வழியில் அனுப்பச் சொல்கிறவர்கள் நவம்பர் மழையில் ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். வண்டி விடுவோம் என்பார்கள். மண் சரிந்து பாதை அடைபட்டால் வண்டி எங்கே வரும்? அந்த நாளில் பிள்ளை வீட்டில், அடுத்த வாரமும் வீட்டில், அப்புறம் அம்மாவோடு தேயிலைக் காட்டில்.

மலையில் தலையை எண்ணக் கூடாது. வகுப்பை எண்ணுங்கள், வழியைப் பாருங்கள். ஐந்து வகுப்பு நடக்கிற மலைப் பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் வேண்டும், பிள்ளைகள் 23 என்றாலும் 13 என்றாலும்.

இதையே தீர்மானமாக எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜனவரி 26 கிராம சபையிலும் வைக்கப்போகிறோம். நீலகிரியோ கொடைக்கானலோ, உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இதே நிலைமை என்றால் நீங்களும் வையுங்கள். தீர்மானத்தின் நகல் வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.