மைக்கை வாங்கிவிட்டால் ஏரி தெளிந்துவிடுமா?

எங்கள் ஏரிக்கரையில் வரப்போகும் புதிய வீட்டுத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பேசிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் ஒரு அதிகாரி மைக்கை வாங்கிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஐயா, இந்தத் திட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்க, பழைய கதை வேண்டாம்" என்றார் அந்த அதிகாரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எது பழைய கதை? ஏரிக்கரையில் முதலில் வந்த குடியிருப்பு, அப்புறம் வந்த விடுதி, அதை ஒட்டி வந்த வரிசை வீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை. ஒவ்வொன்றிலும் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை'. புதிய திட்டத்துக்கும் அதே வரிதான். தனித்தனியாகப் பார்த்தால் யாருமே ஏரியைக் கெடுக்கவில்லை. பிறகு யார்தான் கெடுத்தது, வாத்துகளா?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மொத்தமாகக் கணக்குப் போடுங்கள். இது முகநூல் போராளி கண்டுபிடித்தது இல்லை. நடந்தது, நடப்பது, இனி வரப்போவது எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் ஒரு திட்டத்தின் பாதிப்பைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1978-லேயே விதியில் எழுதினார்கள்.

"கழிவுநீரைச் சுத்திகரித்துத்தானே விடுவார்கள்?" சரி. வழக்கமான சுத்திகரிப்பில், பாசியை வளர்த்துவிடும் பாஸ்பரஸ் முழுதாகப் போகாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். அறிக்கையில் அது 'தேவைப்பட்டால்' செய்யப்படுமாம். தேவையா இல்லையா என்று யார் முடிவு செய்வார்கள்? 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண் போட்ட ஒரு ஏரியின் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. அந்த பாஸ்பரஸ் சேற்றில் தங்கிவிடும். வரத்து நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். வேண்டாம் என்று சொன்ன பழைய கதை அங்கேதான் கிடக்கிறது, ஏரியின் அடியில்.

எங்கள் ஏரியில் மீன் செத்த அன்று விடியற்காலையில் பெரியப்பாதான் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். செத்தது போக மிச்சமிருந்தவை கரையோரமாக ஒதுங்கி, வாயை மட்டும் நீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரவெல்லாம் பாசியும் மூச்சு விடும், தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும் என்பதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 'விடியறதுக்கு முன்னாடிதான் மீனுக்கு மூச்சு முட்டும்' என்று அவர் படிக்காமலே அன்றைக்குச் சொன்னார். அவரிடம்தான் தரவு இல்லையாம்.

சியாட்டில் பக்கத்து வாஷிங்டன் ஏரி தெளியவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். தெளிந்தது. 1963-இலிருந்து 1968 வரை கழிவுநீரை ஏரிக்குள் வராமல் திருப்பிவிட்ட பிறகு தெளிந்தது. அது ஆழமான ஏரி. நம்முடையதில் பாதி தூரம் நடந்தே போகலாம். அதோடு, அங்கே வரத்தை நிறுத்தினார்கள், இங்கே புதிதாகச் சேர்க்கப் பார்க்கிறோம்.

"ஜனங்களுக்கு வீடு வேண்டாமா?" வேண்டும். ஆனால் ஏரி தெரியும் பால்கனி என்று விளம்பரம் போட்டு விற்கிற வீட்டால் யாருடைய வீட்டுக் கஷ்டம் தீரப்போகிறது?

"நீயும் ஏரிக்கரையில்தானே குடியிருக்கிறாய்?" ஆமாம், இருக்கிறேன். என் வீட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்றுதானே கேட்கிறேன்! எனக்கு மட்டும் விலக்கு கேட்டேனா? ஏரியில் எந்தத் துறையில் இறங்குவது என்றுகூடத் தெரியாதவர்கள் எனக்குச் சுயநலம் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

அந்தக் காணொளிக்குச் சிரிப்பு எமோஜி போட்ட இரண்டு பேர் பெரியப்பாவிடம் நீச்சல் கற்றவர்கள். பெயர் சொல்லமாட்டேன். இதைப் படிப்பார்கள் என்று தெரியும்.

எழுத்து மூலமாகக் கருத்து அனுப்ப இன்னும் நேரம் இருக்கிறது, நான் அனுப்புகிறேன். கீழே 'வளர்ச்சிக்கு எதிரி' என்று எழுத வருபவர்கள் தாராளமாக எழுதலாம். அதற்கு முன், பழைய மூன்று திட்டங்களும் இந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தில் வருகின்றன என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.