புது சிப்செட்டுக்காகக் காத்திருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்

மதர்போர்டின் பெயரில் எண் ஏறிவிட்டது என்பதற்காக உள்ளே இருக்கும் சிப்செட், அதாவது யுஎஸ்பி, எஸ்எஸ்டி போன்றவற்றைப் பிராசசருடன் இணைக்கும் சிப், புதிதாகிவிடாது. ஏஎம்டியின் ரைசன் பிராசசர்கள் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் வந்த பி650 போர்டில் இருப்பது ஏஎஸ்மீடியா வடிவமைத்த புரோமோன்டரி 21 என்ற சிப், ஒன்றே ஒன்று. 2024 செப்டம்பர் கடைசியில் வந்த எக்ஸ்870 போர்டிலும் அதே சிப், அதே ஒன்று. எக்ஸ்670இ-யில் இரண்டு இருந்தன, எக்ஸ்870இ-யிலும் அதே இரண்டுதான். பி840 இன்னும் மோசம். எண்ணில் பி650-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் சிப்செட் தருவதெல்லாம் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 லேன்கள் (லேன் என்பது பாகங்களுக்கும் பிராசசருக்கும் நடுவே தரவு போகும் பாதை). பிராசசரை ஓவர்கிளாக் செய்யவும் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும்) வழியில்லை. "லேட்டஸ்ட் சார்" என்று கடைக்காரர் பி650 விலைக்கு அதை நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்படியானால் 800 வரிசையில் மாறியது என்ன? கட்டாயங்கள் மாறின. எக்ஸ்870 என்று பெயர் வைத்தால் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டும் எஸ்எஸ்டி செருகும் முதல் எம்.2 ஸ்லாட்டும் பிசிஐஇ 5.0 ஆக இருக்க வேண்டும், அதிவேக யுஎஸ்பி4 போர்ட் இருந்தே தீர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த யுஎஸ்பி4 கன்ட்ரோலருக்கு நான்கு லேன் வேண்டும், அது பிராசசரிலிருந்துதான் போகிறது. ரைசன் 7000, 9000 பிராசசர்களில் 28 லேன்கள்: கிராபிக்ஸுக்கு 16, முதல் எம்.2-க்கு 4, சிப்செட்டுக்கு 4, மீதி 4. அந்த மீதி நான்கில் பல பி650இ போர்டுகள் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை வைத்தன. எக்ஸ்870-இல் அந்த இடத்தை யுஎஸ்பி4 எடுத்துக்கொண்டது. ஆகவே சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் யுஎஸ்பி4-இன் வேகம் பாதியாகும் அல்லது அது அணைந்துவிடும். வேறு சில போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16-லிருந்து எக்ஸ்8-க்கு, அதாவது 16 லேனிலிருந்து 8 லேனுக்கு, இறங்கும். யுஎஸ்பி4 டாக்கோ வெளி எஸ்எஸ்டியோ இல்லாத வீட்டுக்கு எக்ஸ்870-ஐ விட நல்ல பி650இ அல்லது பி850 பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

போர்டு வாங்குமுன் உற்பத்தியாளர் தளத்தில் மேனுவல் பிடிஎஃப்பை இறக்குங்கள். எம்.2 ஸ்லாட்டுகள் பற்றிய பக்கத்தில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: எந்த ஸ்லாட் நிரம்பினால் எந்த ஸ்லாட், எந்த சாட்டா போர்ட் (கேபிள் வழியாக டிஸ்க் இணைப்பது) வேலை செய்யாது என்று. பெட்டியின் மேல் அச்சிட்ட எதையும் விட அந்த அட்டவணை முக்கியம். எந்த பிராசசருக்கு எத்தனை லேன் என்பதையும் அதிலேயே பாருங்கள். ரைசன் 5 8500ஜி போட்டால், எத்தனை விலையுயர்ந்த போர்டாக இருந்தாலும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 4.0 எக்ஸ்4 மட்டுமே.

அடுத்த தலைமுறையில் நான் முதலில் தேடப்போவது சிப்செட்டுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள இணைப்பைத்தான். ஏஎம்5-இல் அது இன்றுவரை பிசிஐஇ 4.0 எக்ஸ்4, ஒரு திசைக்கு வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. எக்ஸ்870இ-யின் இரண்டாவது சிப், முதல் சிப்பின் வழியாகத்தான் பிராசசரைச் சேர்கிறது. இரண்டும் ஒரே 8 ஜிபியைப் பங்குபோட வேண்டும். 7 ஜிபி வேக எஸ்எஸ்டி இரண்டை சிப்செட் ஸ்லாட்டுகளில் செருகி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போது, நெட்வொர்க்கும் யுஎஸ்பியும் அதே பாதையில்தான் போகின்றன. இன்டெல் தன் இசட்690 சிப்செட் முதலே இதே இணைப்பை டிஎம்ஐ 4.0 எக்ஸ்8 ஆகக் கொடுத்துவிட்டது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏஎம்டி இந்த இணைப்பை 5.0-க்கு உயர்த்தினால் அதுதான் உண்மையான புதுமை. வைஃபை 7, கலர் விளக்குக்கான கூடுதல் ஆர்ஜிபி ஹெடர், ஸ்க்ரூ இல்லாத எம்.2 கிளிப் எல்லாம் போர்டு கம்பெனிகளின் அலங்காரம், சிப்செட்டின் சாதனையல்ல.

காத்திருப்பதில் அர்த்தம் உண்டா? சாக்கெட் மாறும் தறுவாயில் உண்டு. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டு வாங்கியவர்களுக்கு 12, 13, 14-ஆம் தலைமுறை வரை கிடைத்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்ததும் அந்தப் பாதை முடிந்தது. ஏஎம்5-ஐ 2027-க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதே சாக்கெட்டில் தொடரும்போது புது சிப்செட்டுக்காக மாதக்கணக்கில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

ஆனால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருள்) இருக்கும் சிப்பின் அளவைக் கவனியுங்கள். பலரும் பார்க்காத விஷயம் இது. முந்தைய ஏஎம்4 சாக்கெட் காலத்தில் பல பி450 போர்டுகளில் 16 எம்பி சிப்தான் இருந்தது. பிராசசர்கள் கூடக் கூட இடம் போதாமல் சில கம்பெனிகள் பழைய பிராசசர் ஆதரவை நீக்கின, சில பயாஸ் மெனுவின் அழகையே குறைத்தன. 2020 மே மாதத்தில் ரைசன் 5000-ஐ பி450-இல் தரமாட்டோம் என்று சொன்ன ஏஎம்டி, எதிர்ப்புக்குப் பிறகுதான் மனம் மாறியது. இப்போது 64 எம்பி சிப்புடன் ஏஎம்5 போர்டுகள் வருகின்றன. இரண்டு போர்டு ஒரே விலையில் இருந்தால் 64 எம்பி இருப்பதை எடுங்கள்.

பழைய போர்டில் புது பிராசசர் போடுகிறவர்கள் பென்டிரைவிலிருந்து நேரே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாகப் பாருங்கள். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலுக்கு மேனுவலில் சொன்ன பெயரை அப்படியே வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். 24 பின், 8 பின் பவர் இரண்டையும் இணைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் போதும், பிராசசரும் ராமும் தேவையில்லை. விளக்கு சில முறை மின்னி உடனே நிலையாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைல் பெயர் தவறு அல்லது ஃபார்மட் தவறு. மின்னிக்கொண்டே இருக்கும்வரை கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அதன் பிறகு முதல் பூட்டில் திரை பல நிமிடம் இருட்டாகவே இருக்கும். டிடிஆர்5 மெமரி டிரெய்னிங், அதாவது ராமுக்கு ஏற்ற அமைப்பைச் சோதித்துக் கண்டுபிடிப்பது, நடக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு வாங்குங்கள். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 9000-க்கு ஏஎம்டி உறுதி தரும் மெமரி வேகம் 5600-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும். எந்தப் புது சிப்செட்டாலும் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் மெமரி கன்ட்ரோலர் இருப்பது பிராசசருக்குள்.