வாசல் இல்லாதவருக்கு மாத்திரை எங்கே போகும்?

பாரிமுனைப் பக்கம் கடைகள் சாத்தின பிறகு படுக்க வரும் ஒரு பெரியவரை எனக்கு நாலு வருடமாகத் தெரியும். மீன்பாடி வண்டி ஓட்டியவர். சுகர் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் பை நனைந்து மாத்திரையும் ஓபி சீட்டும் கூழாகிவிட்டன. "சீட்டு இல்லாம போனா திட்டுவாங்கப்பா" என்று மூன்று வாரம் போகாமலே இருந்துவிட்டார். அதற்குள் கால் பெருவிரலில் புண். நான் கூட்டிப்போன இடத்தில் முதல் கேள்வி, "எந்தத் தெரு, கதவு எண் என்ன?" அடுத்தது, "கூட யார் இருக்காங்க?" அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது மனசார சந்தோஷப்பட்டவன் நான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது எத்தனை முதியவர்களுக்கு உயிர்! ஆனால் அது வீட்டு வாசலுக்கு வரும் திட்டம். பிளாட்பாரத்தில் படுப்பவர் ஷட்டர் திறக்கும் முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பகலில் வருபவர்களுக்கு அவர் எப்படி அகப்படுவார்?

சீட்டில் எழுதுகிற "காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்" என்பதை அவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இரவுச் சாப்பாடு நிச்சயமில்லாதவர் சில சுகர் மாத்திரைகளைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். பார்க்கிறவர்கள் குடித்துவிட்டு கிடக்கிறார் என்று தாண்டிப் போவார்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக எங்கே வைப்பது? பிரஷருக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் அடிக்கடி கழிப்பறைக்கு எங்கே போவது? பெண்கள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். டிபிக்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். சத்துணவுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது, ஆனால் அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

"சொன்னா கேக்க மாட்டாங்க, மருந்தைப் பாதியில விட்டுடுவாங்க" என்று சொல்வதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1985இல் ஜிம் ஓகானல் என்ற இளம் டாக்டர் வீடற்றோருக்கு வைத்தியம் பார்க்க ஒரே ஒரு வருடத்துக்கு என்று போனார். அங்கே பார்பரா மெக்கினிஸ் என்ற நர்ஸ், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வைத்துவிட்டு முதலில் இவர்கள் காலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிவிடுங்கள் என்றாராம். ஓகானல் கழுவினார். பல மாதமாக வாய் திறக்காதவர்கள் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். அவர் அந்த வேலையை விட்டுப் போகவேயில்லை. குழுவோடு ராத்திரியில் வேனில் தெருத்தெருவாகப் போனார். வீடற்றவரிடம் மருந்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியது பழகின முகம் என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

நான் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. வாரம் ஒரு ராத்திரி, அதே இடத்துக்கு, அதே நர்ஸ் வரட்டும். முகவரி கேட்காமல் பதிவு செய்யட்டும். நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காப்பகங்களில் தங்காதவர்களுக்கும் மாத்திரையும் சீட்டும் வைக்க ஒரு பூட்டுப் பெட்டி கொடுக்கலாம்.

பெரியவருக்கு அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் மாத்திரை பக்கத்து டீக்கடையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. காலையில் பன்னும் டீயும் கொடுத்து, கடைக்காரர் ஞாபகமாக மாத்திரையை எடுத்துக் கையில் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு.