பட்டமளிப்பு விழா யாருக்கு?

ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழா யாருக்காக நடக்கிறது என்பது அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காலை எட்டரைக்குப் பிள்ளைகள் வந்து கவுன் வாங்க வேண்டும், பத்து மணிக்கு விழா, ஒருவருக்கு ஒரு பாஸ். நம் குமரி மாவட்டத்தில் அந்த நேரத்துக்கு வந்து உட்கார முடிந்த அப்பா அம்மா எத்தனை பேர்?

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் நிற்பார்கள். வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்துவிட்டு வீடு வந்து சேர மதியம் நெருங்கிவிடும். காலை பத்து மணி விழா என்றால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போச்சு. இதையே மதியம் இரண்டரைக்கு வைத்தால் யாருக்கு என்ன நட்டம்? விருந்தினருக்குச் சாப்பாடு போட்டே மேடைக்குக் கூட்டிவரலாம்.

கடல் தொழில் செய்கிறவர்களுக்கு மணி ஒரு பொருட்டில்லை, மாதம்தான் கணக்கு. தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்குக் கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம்! இது தெரியாத விழாக் கமிட்டி, ஆட்கள் கடலில் இருக்கும் செப்டம்பரில் தேதி வைத்துவிட்டு, "கடற்கரைப் பெற்றோர் ஆர்வம் காட்டுவதில்லை" என்கிறது.

என்னைக் கேட்டால் கிறிஸ்துமஸ் முடிந்த அந்த நாலைந்து நாள்தான் சரியான நாள். பெங்களூரில், சென்னையில் வேலைக்குப் போன பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், கடலுக்குப் போனவர்களும் பெரும்பாலும் கரை வந்திருப்பார்கள், வடகிழக்கு மழையும் ஓய்ந்திருக்கும். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் என்றைக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுமுறையில் வரச் சொன்னால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள்தான். அதற்கு ஈடுசெய் விடுப்பு கொடுத்துவிடலாம்.

தேதிக்கு அடுத்தது கணக்கு. 600 பேருக்குப் பட்டம் என்றால், ஒருவர் மேடையேறி, வாங்கி, போட்டோவுக்கு நின்று இறங்க 15 வினாடி வைத்தாலும் இரண்டரை மணி நேரம். இதை யாராலும் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது. அதுதானே விழா! சுருக்க வேண்டியது மற்றதை. வரவேற்புரை, ஆண்டறிக்கை, விருந்தினரை அறிமுகப்படுத்த ஒருவர், அவரை அறிமுகப்படுத்த இன்னொருவர், அப்புறம் ஒரு மணி நேரப் பேருரை. எல்லாம் முடிந்து பெயர் கூப்பிடத் தொடங்கும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று பிள்ளைகளை மாடு மாதிரி விரட்டுவார்கள்.

என் மகள் பட்டம் வாங்கியபோது பெற்றோருக்கு அரங்கத்தில் இடமில்லை. வெளியே பந்தலில் எல்இடி திரை வைத்திருந்தார்கள். உள்ளே முதல் நான்கு வரிசை யாருக்கோ ஒதுக்கி, பாதி காலியாகவே கிடந்தது. அவள் அப்பா மஸ்கட்டில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு யூடியூப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெயரைக் கூப்பிட்ட நேரம் கேமரா விருந்தினரின் பொன்னாடை மேல் நின்றது. "ஏட்டி, அவ மேடையில ஏறினாளா இல்லியா?" என்று எனக்கு போன்.

முதல் வரிசைகளைப் பெற்றோருக்குக் கொடுங்கள். இடம் போதாதென்றால் துறைவாரியாகக் காலை, மதியம் என்று இரண்டு அமர்வு வையுங்கள். பால்வெட்டுக் குடும்பம் மதியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேமராக்காரருக்கு ஒரே வேலை: மேடையேறும் பிள்ளையின் முகம்.

பெயர் வாசிப்பதும் சின்ன விஷயம் இல்லை. ஷைஜின், பிரிஜின், ஜெபிஷா என்று நம்மூர்ப் பெயர்கள் வெளியூர்க்காரர் நாக்கில் என்ன பாடு படுகின்றன! பிள்ளைகளையே தங்கள் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். வாசிக்கிறவர் முந்தின நாள் கேட்டுப் பழகிக்கொள்ளட்டும்.

கவுனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நம்மூர்ப் புழுக்கத்தில் அந்தப் பாலியஸ்டர் அங்கியைப் போட்டவர்களுக்குத் தெரியும். கைத்தறி உடை பயன்படுத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழுவே 2019-ல் கடிதம் எழுதியது. பூங்கொத்தும் அப்படித்தான். தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் தாளில் சுற்றியதைக் கொடுக்கிறோம்.

கடைசியாக அந்தச் சான்றிதழ் ஃபைல். மேடையில் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே வாங்கித் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை! ஆபீஸில் போய், பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று மானியக் குழுவின் விதி இருக்கிறது. பல்கலைக்கழகத்திடமிருந்து சான்றிதழ் கைக்கு வந்த பிறகு விழாத் தேதியை அறிவியுங்கள். நோ டியூஸ் வேலையை ஒரு மாதம் முன்பே ஆன்லைனில் முடித்துவிடுங்கள். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வருகிற பிள்ளையை ஒரு கையெழுத்துக்காகத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வைக்காதீர்கள்.