சூட்கேஸ் மூன்று கிழமை படியில் கிடந்தது யாருடைய பிழை?

'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "டெப்ரா எந்த நேரமும் கத்துகிறாள், மாமி பாவம், சமைத்துக்கொண்டு வந்து தருகிறார்" என்பது ஒன்று. "மரீ மாதிரி மாமி வாய்த்தால் எந்த மருமகள்தான் கத்தமாட்டாள்?" என்பது மற்றது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஒரே ஃப்ளாட்டில் மகன் குடும்பம் மூன்றாம் மாடி, தாய் தகப்பன் முதலாம் மாடி என்று இருக்கிற வீடுகள் எத்தனையோ. அதனால் இந்த வழக்கு நம்மிடம் சூடாகவே நடக்கிறது. இரண்டு கட்சியும் பிழையான ஆளைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கின்றன என்பது என் கருத்து. விசாரிக்க வேண்டியது மரீயின் மகனும் டெப்ராவின் புருசனுமாக நடுவில் சோஃபாவில் இருக்கிற ரேயை.

1996 செப்டெம்பரில் தொடங்கி 2005 மே வரை, 9 சீசன், 210 அத்தியாயம். நியூயோர்க் பக்கத்து லோங் ஐலண்டில் ரே, டெப்ரா, மூன்று பிள்ளைகள். வீதிக்கு எதிர்ப்புறம் தாய் மரீ, தகப்பன் ஃபிராங்க், பொலிஸ்காரத் தமையன் ரொபர்ட். இந்த ஐந்து பெரியவர்களையும் இரண்டு வீட்டு ஹோலையும் குசினியையும் வைத்துக்கொண்டே ஒன்பது வருசம் ஓட்டியிருக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால்தான் யார் பிழை என்பதும் விளங்கும்.

நல்ல அத்தியாயங்களை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாதாரணச் சாமான் இருக்கும். முதல் அத்தியாயத்தில் ஒரு பெட்டி பழம். மாதம் ஒரு பெட்டி வரும்படி ரே தாய்க்குப் பரிசாகக் கட்டிவைக்க, இவ்வளவு பழத்தை நான் என்ன செய்வது என்று மரீ கலங்கிப்போகிறார். இந்தத் தொடரை உருவாக்கிய ஃபில் ரோசந்தாலின் சொந்த வீட்டில் நடந்தது அது. பிறகு பெயர் பொறித்த டோஸ்டர் ஒன்று வருகிறது. பெற்றோர் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் கடையில் கொடுத்து மாற்றிவிடுகிறார்கள். அடுத்து ஒரு டின் ஓப்பனர். கடைசியில், என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சூட்கேஸ்.

7ஆம் சீசனில் வரும் 'பேகேஜ்' அத்தியாயத்துக்கு 2003இல் எழுத்துக்கான எம்மி, அதாவது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது, கிடைத்தது. பயணம் போய்வந்த சூட்கேஸைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, மேலே கொண்டுபோக வேண்டியது நீதான் என்று புருசனும் பெண்சாதியும் வாய் திறந்து சொல்லாமலே மூன்று கிழமை இழுக்கிறார்கள். ரே உள்ளே சீஸை வைத்து, அது நாறினால் அவள் எடுப்பாள் என்று காத்திருக்கிறான். கவனியுங்கள்: "நீ எடுக்கிறாயா, நான் எடுக்கட்டுமா" என்ற ஒரே கேள்வியில் முடியக்கூடிய விசயம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு அவன் எவ்வளவு பாடுபடுகிறான்! மரீ தன் குசினிச் சுவரில் தொங்கும் பெரிய மரக்கரண்டியும் முள்ளுக்கரண்டியும் தன் வீட்டுப் பழைய சண்டையொன்றின் மிச்சம் என்று டெப்ராவிடம் சொல்கிற இடம்தான் அந்த அத்தியாயத்தின் உயிர். மாமியார் கொடுமைக்காரி என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அதற்காக மரீயை நான் வெள்ளையடிக்கவில்லை. மீட்போல் செய்யப் பழக்குகிறேன் என்று கூப்பிட்டு, வாசனைப் போத்தலின் லேபலை மாற்றிக் கொடுத்து மருமகளின் சமையலைக் கெடுக்கிறவர் அவர். ஆனால் அந்தப் போத்தல் அவருக்கு ஏன் தேவைப்படுகிறது? மகன் தன் மேசைக்கு வருவதற்கு இருக்கிற ஒரே காரணம் சாப்பாடு. அது போனால் அவர் வீதிக்கு எதிர்ப்புறம் இருக்கிற ஒரு கிழவி மட்டும்தான். இந்தப் பயத்தை வசனமாகச் சொல்லாமல், முகத்திலேயே காட்டினார் மரீயாக நடித்த டோரிஸ் ரொபர்ட்ஸ். நான்கு எம்மி விருதும் சும்மா கிடைக்கவில்லை. நமது மெகா தொடர்களில் மாமியார் வாசலில் கால் வைத்ததும் இடி முழங்கும், முகத்தை மூன்று தரம் வெட்டிக் காட்டுவார்கள். இங்கே மரீ மூடிய பாத்திரத்தோடு வருவார், டெப்ராவின் அடுப்பை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும்.

"டெப்ரா கத்துகிறாள்" என்ற முறைப்பாட்டுக்கு நாடகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. 4ஆம் சீசனின் டின் ஓப்பனர் அத்தியாயத்தில் ஒரே சண்டையை முதலில் ரே சொல்லுகிறபடியும், பிறகு டெப்ரா சொல்லுகிறபடியும் நடித்துக் காட்டுகிறார்கள். ரேயின் கதையில் அவன் சாது, அவள் பத்திரகாளி. அவளுடைய கதையில் அது அப்படியே தலைகீழ். இதைப் பார்த்த பிறகும் ரே சொல்லும் டெப்ராவையே உண்மையான டெப்ரா என்று எடுத்துக்கொள்வது நியாயமா? தாய் உள்ளே வரும்போது "அம்மா, இப்ப வேண்டாம்" என்று மகன் சொல்லியிருக்க வேண்டியதை மருமகள் சொல்ல வேண்டிவருகிறது. மருமகள் சொன்னால் அது கத்தல் ஆகிவிடுகிறது.

குறையும் இருக்கிறது. கடைசி மூன்று சீசன்களில் டெப்ராவுக்குப் பல இடங்களில் கோபத்தைத் தவிர வேறு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. டெப்ராவாக நடித்த பட்ரீஷியா ஹீட்டன் முதல் சீசன்களில் காட்டிய குறும்பும் சிரிப்பும் குறைந்துபோனது நடிகையின் பிழையல்ல, எழுத்தின் பிழை. ரொபர்ட்டை அவமானப்படுத்துவதும் சில இடங்களில் பகிடி என்ற எல்லையைத் தாண்டி மனதை உறுத்துகிறது. பிள்ளைகள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் பதில் உண்டு. இது பிள்ளைகளைப் பற்றிய கதையல்ல என்று ஆரம்பகால டைட்டிலிலேயே ரே சொல்லிவிடுகிறான்.

அடிக்கடி கேட்கிற இன்னொரு குறை, சிரிப்புச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்பது. இது மேடை நாடகம் போல ஆட்களை முன்னால் இருத்தி, பல கமராக்களால் ஒரே நேரத்தில் எடுத்தது. சிரிப்பு அடங்கும்வரை நடிகர் முகத்தை மாற்றாமல் நிற்க வேண்டும். ஃபிராங்காக வரும் பீட்டர் பொய்ல் அந்த இடைவெளியில் சும்மா சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு நிற்பார், இரண்டாவது சிரிப்பு அதற்கே விழும். சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் இந்தச் சுவையெல்லாம் போய்விடும். நடிகர் வாய் திறக்கும் முன்பே பதில் வசனம் எழுத்தில் வந்துவிடுவதால் நீங்கள் முதலே சிரித்துவிடுவீர்கள், நடிகர் நிற்கிற நேரம் வெறும் இழுவையாகத் தெரியும். ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டால் முதல் நாலைந்து அத்தியாயத்தைச் சப்டைட்டிலோடு பார்த்து, குரல்கள் காதுக்குப் பழகியதும் நிறுத்திவிடுங்கள்.

டிவி செட்டிங்கும் முக்கியம். பழைய டிவிடிகளில் ஆரம்ப சீசன்கள் பழைய டிவியின் அகலம் குறைந்த 4:3 சட்டத்தில் இருக்கும். இப்போதைய அகலத் திரையை நிரப்ப ஸூம் போட்டால் படத்தின் உயரத்தில் கால்வாசி வெட்டுப்படும். ரொபர்ட்டாக வரும் பிராட் காரெட் 6 அடி 8 அங்குலத்துக்கும் கூடுதல், ரே அவரைவிட அரை அடியளவு கட்டை. அந்த உயர வித்தியாசமே பாதிப் பகிடி, தலை வெட்டுப்பட்டால் அதில் என்ன மிச்சம்? இழுத்து நிரப்பினாலோ எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். அசைவை மென்மையாக்க டிவியில் இருக்கிற மோஷன் ஸ்மூதிங் வசதியையும் நிறுத்துங்கள். பிலிமில் எடுத்ததை அது வீடியோ போல வழவழப்பாக்கிவிடும்.

முதலாம் சீசனை வரிசையாகத் தொடங்கி, பத்தாவதில் சலித்து விட்டுவிட்டவர்கள் பலர். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டு 2ஆம் சீசனின் மீட்போல், 3இன் டோஸ்டர், 4இன் டின் ஓப்பனர், 5இன் தொடக்கத்தில் ரோமுக்குப் பக்கத்து ஊரிலேயே போய் எடுத்த இத்தாலிப் பயணம், 7இன் சூட்கேஸ் என்று போங்கள். பிடித்தால் மிச்சத்தை வரிசையாகப் பார்க்கலாம்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் இடையில் பார்க்க வேண்டாம். சிறிய சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் பிறகு ரே மயக்கம் தெளியாமல் கிடக்கிற அரை நிமிடம் அதில் வருகிறது. வெளியே நிற்கிற டெப்ரா, ஃபிராங்க், ரொபர்ட் முகங்களைப் பாருங்கள். மரீக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று அத்தனை பேரும் சேர்ந்து மறைக்கிறார்கள், அதிலும் முன்னுக்கு நிற்பது டெப்ரா.